சுவருக்குள் இல்லாத பணம்

சென்ற மாதம் எங்கள் விடுதியின் பொது அறையில் 'ரெய்டு' இந்திப் படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 2018இல் வெளிவந்த படம். கதை 1981ஆம் ஆண்டின் உத்தரப் பிரதேசத்தில் நடக்கிறது. அஜய் தேவ்கன் ஏற்றிருக்கும் நேர்மையான வருமான வரி அதிகாரி, சௌரப் சுக்லா ஏற்றிருக்கும் செல்வாக்கு மிக்க ஒரு பெரிய மனிதரின் மாளிகையைச் சோதனையிடுகிறார். முதலில் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு ஒரு துப்பு வருகிறது. சுவர் இடிகிறது, கூரை உடைகிறது, பணமும் தங்கமும் கொட்டுகின்றன. அறையிலிருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மூன்று நாள் கழித்து, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் புறப்பட்டேன். எதிர் இருக்கையில் பணி ஓய்வு பெற்ற ஒருவர். முறுக்குப் பொட்டலத்தை நீட்டியபடி, என்ன படிக்கிறேன் என்று விசாரித்தார். மொழியியலில் முதுகலை முடித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்றேன். அரசாங்கம் பணம் தருகிறதா என்றார். நெட் தேர்வு வழியாக வராத ஆய்வாளர்களுக்கான உதவித்தொகை, மாதம் 8,000 ரூபாய் என்றேன். "ஏம்மா, இந்த வயசுலயும் படிச்சுக்கிட்டே இருக்கீங்களே, எல்லாம் எங்க வரிப்பணம்தானே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் முறுக்கைக் கடித்தபடி சிரித்து வைத்தேன்.

நாக்பூர் தாண்டியதும் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. ஊரில் ஒரு மனையை விற்கிறார் போலும். "பத்திரத்துல கைட்லைன் மதிப்பே போட்டுக்கலாம் சார், மிச்சத்தைக் கையில கொடுத்துடுங்க" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி பேசினார். குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அந்த மனிதர் கெட்டவர் அல்லர். அதனால்தான் இதை எழுதுகிறேன். "எங்கள் வரிப்பணம்" என்ற சொல்லும் "மிச்சத்தைக் கையில் கொடுங்கள்" என்ற சொல்லும் ஒரே நாளில் ஒரே வாயிலிருந்து வந்தன. இரண்டுக்கும் இடையே ஒரு முரண் இருப்பதாக அவருக்குத் தெரியவே இல்லை. வரி ஏய்ப்பு என்றதும் அவருக்கு நினைவுக்கு வருவது சுவருக்குள் தங்கம் புதைத்த வில்லனாக இருக்கும். அவர் சுவரில் சுண்ணாம்பைத் தவிர வேறில்லை. ஆகவே அவர் ஏய்க்கவில்லை. இந்தத் தருக்கத்தை அவருக்கும் எனக்கும் கற்றுத் தந்த பள்ளி திரைப்படம் என்பது என் குற்றச்சாட்டு.

என் துறையிலிருந்தே தொடங்குகிறேன். 'ஏய்த்தல்' செயப்படுபொருள் குன்றா வினை. ஒருவன் இன்னொருவனை ஏய்க்கிறான். ஏய்க்கப்படுவதற்கு ஒரு மனிதர் வேண்டும். வரியை எவராலும் ஏய்க்க முடியாது. ஆனால் 'வரி ஏய்ப்பு' என்ற தொடரில் அந்த மனிதர் காணாமற்போய், அவர் நிற்க வேண்டிய இடத்தில் வரி நிற்கிறது. "அவர் வரி ஏய்ப்புச் செய்தார்" என்ற செய்தியைப் படிக்கும்போது "யாரை ஏய்த்தார்?" என்று நாம் கேட்பதில்லை. மொழி விட்டுவைத்த இந்த இடைவெளிக்குள்தான் நம் திரைக்கதைகள் புகுந்துகொள்கின்றன. ஏய்த்தவன் யார் என்பதை அவை பத்து ரீல் காட்டும். எவ்வளவு என்பதை எண்ணி எண்ணிக் காட்டும். யாரை என்பதை மட்டும் காட்டுவதில்லை.

காட்டாமைக்குக் காரணம் உண்டு. திரைக்கதை ஆசிரியருக்குக் கணக்கில் வராத பணம் ஒரு வரப்பிரசாதம். உரிமையாளர் இருந்தும் உரிமை கோர முடியாத பணம் அது. 'திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல' என்று நம் ஊரில் சொல்வார்கள். வலித்தாலும் கத்த முடியாது. 2013இல் வந்த 'ஸ்பெஷல் 26' முழுவதும் இந்த ஒரு பழமொழியின் மேல் நிற்கிறது. போலி அதிகாரிகள் சோதனை என்ற பெயரில் கொள்ளையடிக்கிறார்கள். பறிகொடுத்த அமைச்சர் காவல் நிலையத்துக்குப் போக முடியாமல் விழிக்கிறார். அதைத் தழுவி 2018இல் சூர்யா நடித்த 'தானா சேர்ந்த கூட்டம்' வந்தது. மும்பை ஆப்பரா ஹவுஸ் நகைக்கடையில் 1987இல் உண்மையிலேயே நடந்த ஒரு கொள்ளைதான் இந்தக் கதைகளுக்கு விதை. அந்த நிகழ்வில் வரி ஏய்ப்பு மையமே அன்று. திரைக்கதைதான் அதை மையத்துக்குக் கொண்டுவந்தது. ஏனெனில் கொள்ளைக்காரனை நாயகனாக்க வேண்டுமானால், பறிகொடுப்பவனிடமிருந்து நம் இரக்கத்தை முதலில் பிடுங்க வேண்டும். "கணக்கில் வராத பணம்" என்ற இரண்டு நொடி வசனம் அந்த வேலையைச் செய்து முடிக்கிறது.

ஷங்கரின் 'சிவாஜி' (2007) இன்னும் ஒரு படி மேலே போனது. அமெரிக்காவிலிருந்து வந்த நாயகன், இலவசக் கல்வியும் மருத்துவமும் தர விரும்பி, கையூட்டு கொடுத்துத் தெருவுக்கு வருகிறான். பிறகு கறுப்புப் பணக்காரர்களின் இரகசியங்களை அறிந்து, மிரட்டிப் பணம் பறித்து, அதை வெளிநாட்டுக்கு அனுப்பி, அறக்கட்டளை நன்கொடையாக வெள்ளையில் திரும்பப் பெறுகிறான். இதைச் சட்டத்தின் மொழியில் சொன்னால் மிரட்டிப் பணம் பறித்தலும் சட்டவிரோதப் பணப் பரிமாற்றமும் ஆகும். நாம் அதைக் கொண்டாடினோம். கல்லூரியும் மருத்துவமனையும் கட்ட வேண்டியது வரிப்பணத்தில். அதைக் கட்ட வேண்டியது அரசு. படத்தில் இரண்டையும் ஒரு தனிமனிதனின் வள்ளல்தன்மை விழுங்கிவிட்டது. முடிவில் பறக்கும் பணத்தாள்களை அள்ள ஓடும் மாணவர்களின் கால்களுக்கடியில் மிதிபட்டு வில்லன் இறக்கிறான். அந்த மாணவர்கள்தாம் ஏய்க்கப்பட்டவர்கள். அவர்களைப் படம் ஒரே ஒரு முறை காட்டுகிறது, அதுவும் பணம் பொறுக்கும் கூட்டமாக.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு மரபு உண்டு; அதில் வரி கொடுக்க மறுப்பவனே வீரன். 1959இல் பி. ஆர். பந்துலு இயக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பார்க்காத தமிழர் அரிது. ஜாக்சன் துரையின் முன் நின்று சிவாஜி கணேசன் முழங்கும் காட்சியை எத்தனையோ பள்ளிப் பிள்ளைகள் மேடையேற்றியிருக்கிறார்கள். ஏழாம் வகுப்பில், சுதந்திர தின விழாவில், மையால் மீசை வரைந்துகொண்டு நானும் முழங்கியிருக்கிறேன். இந்தியில் 2001இல் வந்த 'லகான்' அதே உணர்ச்சியைக் கிரிக்கெட் மைதானத்தில் வைத்தது: 1893, வறட்சியில் வாடும் சம்பானேர் கிராமம், வென்றால் மூன்றாண்டுத் தீர்வை இல்லை, தோற்றால் மூன்று மடங்கு. இவை காலனிய ஆட்சியை எதிர்த்த கதைகள். அவற்றின் அறத்தில் எனக்கு ஐயமில்லை. கேட்காத மக்களிடம், அவர்களுக்கு எதுவும் திருப்பித் தராத ஆட்சி வாங்குவது கொள்ளையேதான்.

ஆனால் 1947க்குப் பிறகான வரியைப் பற்றிச் சொல்ல நம் திரைக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. அந்தக் கதை எழுதப்படவே இல்லை. வரி வாங்குபவன் கொள்ளைக்காரன் என்பது ஒரு கதை. வரி கட்டாதவன் கொள்ளைக்காரன் என்பது இன்னொரு கதை. வரி என்பது நாம் எல்லோரும் சேர்ந்து உலையில் இடும் அரிசி என்ற மூன்றாவது கதையை எவரும் எடுக்கவில்லை. நம் இலக்கியத்துக்கு அந்தச் சிந்தனை புதிதன்று. புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொல்லும் யானை உவமை வரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வயலுக்குள் யானையை விடாதே, கவளமாக்கிக் கொடு என்கிறது. எப்படி வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்ற கேள்வி அது. அந்தக் கேள்வியோடு ஒப்பிட்டால் சுவர் உடைப்பது குழந்தை விளையாட்டு.

"படம் படம்தானே, இதில் என்ன ஆபத்து?" என்பீர்கள். 2016 மார்ச்சில் வந்த 'பிச்சைக்காரன்' படத்தில், வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசும் ஒரு பிச்சைக்காரர், ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்களை ஒழித்துவிட்டால் ஊழல் ஒழிந்துவிடும் என்ற பொருளில் யோசனை சொல்வார். எட்டு மாதம் கழித்து, நவம்பர் 8 இரவில், அந்தத் தாள்கள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். மறுநாளே அந்தக் காட்சி கைபேசிக்குக் கைபேசி பறந்தது. "அன்றே சொன்னார்கள்" என்று பெருமிதப்பட்டோம். படத்தைப் பார்த்துத்தான் அரசு முடிவெடுத்தது என்று நான் சொல்லவில்லை. அந்த முடிவை நாம் ஏன் அவ்வளவு எளிதாக நம்பினோம் என்பதே என் கேள்வி. கறுப்புப் பணம் என்பது கட்டுக்கட்டாக எங்கோ ஒளிந்திருக்கும் தாள் என்று நம்மைத் திரை ஏற்கெனவே பழக்கியிருந்தது. தாளைச் செல்லாததாக்கினால் வில்லன் கதறுவான் என்று எதிர்பார்த்தோம்.

வில்லன் கதறவில்லை. செல்லாதவை என அறிவிக்கப்பட்டவை, மதிப்பளவில், புழக்கத்திலிருந்த பணத்தில் 86 சதவீதம், 15.41 லட்சம் கோடி ரூபாய். அதில் 15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 சதவீதம், வங்கிகளுக்குத் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018 ஆகஸ்டில் தன் ஆண்டறிக்கையில் தெரிவித்தது. 'ரெய்டு' வெளிவந்து ஐந்து மாதம் கழித்து வந்த அறிக்கை அது. சுவருக்குள் பணம் இல்லை என்பதை நாட்டின் மைய வங்கியே எண்ணிச் சொல்லிவிட்டது. அந்த எண்ணிக்கைக்கு எவரும் கைதட்டவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் என் அம்மா, தன் வாரக் கூலியை மாற்றுவதற்காக அந்த நவம்பரில் இரண்டு நாள் கூலியை இழந்து வங்கி வாசலில் நின்றார். படத்தில் இடிபட்டது வில்லன் வீட்டுச் சுவர். வெளியே இடிபட்டது யாருடையது என்று அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் ஏய்ப்பு எங்கே இருக்கிறது? காகிதத்தில் இருக்கிறது. "பில் வேணுமா, எஸ்டிமேட் போதுமா?" என்று டைல்ஸ் கடையில் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியில் இருக்கிறது. பத்திரத்தில் எழுதும் விலைக்கும் கைமாறும் விலைக்கும் இடையில் இருக்கிறது. சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டு வீட்டு வாடகைப் படிக்காக மாமனார் பெயரில் வாங்கும் இரசீதில் இருக்கிறது. பெரிய அளவில், இறக்குமதிப் பொருளின் விலையை ஏற்றியும் இறக்கியும் எழுதும் பட்டியலில், பெயருக்கு மட்டும் இயங்கும் நிறுவனங்களின் கணக்கேட்டில் இருக்கிறது. இவற்றில் எதையும் சம்மட்டியால் உடைக்க முடியாது. கணக்கைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சோதனைகளில் பணமும் நகையும் அகப்படுவது உண்மையே; மறுக்கவில்லை. ஆனால் அது மீந்துபோன சில்லறை. முதல் வேறெங்கோ நிலமாகவும் பங்காகவும் மாறி, வெள்ளை உடை உடுத்தி நடமாடிக்கொண்டிருக்கிறது.

"வரி அதிகம், அதனால் ஏய்க்கிறார்கள்" என்று ஒரு சமாதானம் உண்டு. ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. 1973-74இல் இந்தியாவின் உச்ச வருமான வரி விகிதம் கூடுதல் வரியுடன் 97.75 சதவீதம். இன்று புதிய வரி முறையில், மிகப் பெரிய வருமானத்துக்கும் எல்லாக் கூடுதல் வரிகளையும் சேர்த்து உச்ச விகிதம் 39 சதவீதம். பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. எஸ்டிமேட் தாள் மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி அந்த "எங்கள் வரிப்பணம்" பற்றி. 2019 இறுதியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர்கள் விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடியபோது, நாடெங்கும் இந்தச் சொல் கேட்டது. இந்தியாவில் வருமான வரி கட்டுவோர் மக்கள்தொகையில் ஒரு சிறு பகுதிதான். ஆகவே அந்தச் சிறு பகுதியே நாட்டைச் சுமக்கிறது, மற்றவர்கள் உண்டு கொழுக்கிறார்கள் என்பது வாதம். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: கல்வி உதவித்தொகைக்கு வருமான வரி விலக்கு உண்டு, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(16) பிரிவே அதைத் தந்தது. நான் வருமான வரி கட்டுவதில்லை. என் அம்மாவும் கட்டுவதில்லை.

ஆனால் அம்மா 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்யும்போது அதில் 45 ரூபாய்க்கு மேல் வரி. 18 சதவீதச் சரக்கு மற்றும் சேவை வரி அது. ஆலை முதலாளி அதே திட்டத்தை வாங்கினாலும் அதே 45 ரூபாய்தான். சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம். அம்மா ஏறும் ஷேர் ஆட்டோவின் டீசலில் மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் மதிப்புக்கூட்டு வரியும் கலந்திருக்கின்றன. இந்த வரிகளுக்குப் படிவம் இல்லை, தாக்கல் செய்யக் கடைசித் தேதி இல்லை, ஆகவே கட்டியதற்கான பெருமிதமும் இல்லை. ஒன்று கவனியுங்கள்: வாங்கும்போதே பிடித்துக்கொள்ளப்படும் இந்த வரியை அம்மா நினைத்தாலும் ஏய்க்க முடியாது. ஏய்ப்பதற்கும் வசதி வேண்டும். மனை இருப்பவரால்தான் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுத முடியும்.

விடுபட்டுப்போன அந்தச் செயப்படுபொருள் இப்போது தெரிகிறதா? யாரை ஏய்த்தார்கள் என்றால், ஏய்க்க வழியே இல்லாதவர்களை. மேலே விட்ட குறையை அரசு கீழே பிடித்து நிரப்பிக்கொள்கிறது, அல்லது பள்ளியில் ஓர் ஆசிரியரைக் குறைத்துக்கொள்கிறது. அந்த ஆசிரியர் இல்லாத வகுப்பறையை எந்த 'ரெய்டு' படமும் காட்டவில்லை.

காட்டாத திரைத்துறை தனக்கு மட்டும் வரி என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறது. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்று 2006இல் தமிழக அரசு அறிவித்ததும், 'ஜில்லுனு ஒரு காதல்' 'சில்லுனு ஒரு காதல்' ஆனது. 'ரோபோ' என்று பேசப்பட்ட படம் 2010இல் 'எந்திரன்' ஆக வந்தது. தமிழ் மாணவியாக எனக்கு மகிழ்ச்சிதான். ஓர் எழுத்தை மாற்றி வரியைக் கழித்த வரலாறு உலக மொழியியலில் வேறெங்கும் இருக்குமா என்று வியந்ததுண்டு. ஆனால் அந்தச் சலுகையால் நுழைவுச்சீட்டு விலை குறைந்ததாக எங்கள் வீட்டில் எவருக்கும் நினைவில்லை. வடக்கிலோ 'வரிவிலக்கு' என்பதே விருதாகிவிட்டது. 2020இல் 'சபாக்' படத்துக்குக் காங்கிரஸ் ஆண்ட மாநிலங்கள் விலக்குத் தந்தன. 2022இல் 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' படத்துக்கு பா.ஜ.க. ஆளும் மாநிலங்கள் தந்தன. ஒரு நல்ல செயலைப் பாராட்ட வேண்டுமானால் வரி வாங்காமல் விட வேண்டும் என்பது இரு தரப்புக்கும் பொதுவான இலக்கணம். வரி கட்டுவதே ஒரு நற்செயலாக இருக்கக்கூடும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

சுவையான கதை ஆகாது என்று சொல்லாதீர்கள். ஜப்பானிய இயக்குநர் ஜூஸோ இதாமி 1987இலேயே 'மருசா நோ ஒன்னா' எடுத்துவிட்டார். அதன் நாயகி வரி ஆய்வாளர். சிறு கடைகளின் கணக்கைப் புரட்டுவதிலிருந்து தொடங்குகிறது அவள் வேலை. பின்பு ஒரு பெரும் ஏய்ப்பாளனைத் தொடரும்போதும், குப்பையில் கிடக்கும் கிழிந்த காகிதங்களும் வங்கிக் கணக்குகளும்தான் துப்பு. படம் நெடுகச் சிரிக்கலாம், பதைக்கலாம். அதைப் பார்த்துவிட்டு வெளியே வரும் ஜப்பானியக் கடைக்காரர் தன் கல்லாப்பெட்டியை ஒருமுறை நினைத்திருப்பார். 'ரெய்டு' பார்த்துவிட்டு வெளியே வரும் நாம் அடுத்தவர் சுவரைத் தட்டிப் பார்க்கிறோம்.

தமிழிலோ இந்தியிலோ அப்படி ஒரு படம் வர வேண்டும். சார்பதிவாளர் அலுவலக வாசலில் தொடங்கட்டும். மனையை விற்பவர் நல்லவராகவே இருக்கட்டும், முறுக்கு கொடுக்கட்டும். பத்திரத்தில் எழுதாமல் விட்ட அந்த மிச்சம் எங்கே போனது, அது போன இடத்தில் என்ன இல்லாமற்போனது என்று படக்கருவி பின்தொடரட்டும்.

சென்னை சென்ட்ரலில் இறங்கும்போது அந்தப் பெரியவர் என் பெட்டியை இறக்கித் தந்தார். "நல்லா படிம்மா" என்றார். "சரிங்க சார்" என்றேன். இதையெல்லாம் அவரிடம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நா எழவில்லை. எட்டாயிரம் ரூபாய் வாங்குபவள் மனை விற்பவரிடம் வரியைப் பற்றிப் பேசத் தயங்கும்படி, இருவருக்குமே நன்றாகப் பாடம் நடத்தப்பட்டிருக்கிறது. அந்தத் தயக்கத்தை உடைக்கவே இவ்வளவு நீளமாக எழுதினேன். மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.